எழுபத்திரண்டிலிருந்து எட்டு

இரவுச் சாப்பாட்டின்போது, "பிரணிதாவோட படிப்பு விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று நான் ஆரம்பித்த நேரத்தில் லேப்டாப்பில் சார்ஜ் எழுபத்திரண்டு. "அவ படிப்பு..." என்று போவதற்குள் எட்டு. அடுத்த நொடி திரை கறுத்துவிட்டது. பேட்டரியோ புத்தம் புதியது. மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"படிப்பு முடியப் போகுதுன்னு சொல்ல வர்றார்" என்று என் மனைவி உமாராணி எனக்குப் பதிலாக வாக்கியத்தை முடித்துவைத்தாள். "அதான் எல்லாருக்கும் தெரியுமே. நீங்க சாப்பிடுங்க."

நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிர். ஆனால் வாய் அணைந்துபோனவன் என்ன செய்ய முடியும்? தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

என் பெயர் தண்டபாணி. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் ஏலம் கூறுவது என் தொழிலாக இருந்தது. நான் தக்காளிக்கு விலை கூறினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான் என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கும். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்பெட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு லேப்டாப்பில் குரல் செயலி போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய ஒலிப்பதிவுகளை அதற்குப் போட்டுக் காட்டினால் போதும், நம் குரலிலேயே பேசும். நான் நாலு எழுத்து தட்டினால் மீதியை அதுவே ஊகித்து, என் நடையில் கோத்து, பேச்சின் நடுவே இடைவெளி பார்த்து நுழைந்துவிடும். கூட்டத்தில் யார் எங்கே பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்குக் கேமராவும் உண்டு.

ஒரே சிக்கல், என்னிடம் இருந்த பதிவுகள் எல்லாம் மண்டியில் எடுத்தவை. ஆகவே அது கற்றுக்கொண்ட தண்டபாணி, ஏலத் தண்டபாணி. "இட்லி போதும்" என்று சொன்னால்கூடக் கடைசிச் சொல் மேலே ஏறும். உமாராணி இன்னொரு இட்லி வைத்துவிடுவாள்.

மகள் பிரணிதா கால்நடை மருத்துவம் படிக்கிறாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. அவளுக்குப் பேசி முடித்திருக்கும் பையன் வீட்டாருக்கு அவசரம். பையனுக்கு ஜப்பானில் வேலை, தை மாதம் தாலி கட்டிக் கையோடு கூட்டிப்போக வேண்டுமாம். "மீதிப் படிப்பை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றான் என் மைத்துனன் சிவானந்தம், ஏதோ பாதியில் விட்ட சினிமாவைப் பற்றிச் சொல்வதுபோல. பிரணிதா அம்மாவிடம் ஒரு முறை மறுத்துப் பார்த்தாள். நல்ல இடம் தட்டிப்போனால் யார் பொறுப்பு என்று விழுந்த திட்டில் அத்தோடு அடங்கிவிட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"பையன் மேல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நல்ல மாதிரிதான். படிப்ப முடிச்சிட்டுப் போறேன், அவ்ளோதான். நீங்க சொன்னா கேப்பாங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். நிச்சயதார்த்தத்துக்குள் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பேட்டரி இந்த விளையாட்டைத் தொடங்கியது.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். காட்டினேன். உமாராணி "அப்பறம் படிக்கிறேன்" என்று மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் சொருகினாள். சிவானந்தத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி வந்தது, கூடவே கும்பிடும் கை ஒன்றும் வந்தது.

திண்டுக்கல்லில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஃபரிதாதான் பேட்டரி மாற்றிக் கொடுத்தவள். கெட்டிக்காரி, கொஞ்சம் முன்கோபி. எனக்குப் பிடிக்கும். அவளிடமே கொண்டுபோனேன்.

"அண்ணே, பேட்டரிக்குள்ள எவ்ளோ இருக்குன்னு யாரும் எட்டிப் பாத்துச் சொல்ல முடியாது" என்றாள். "உள்ள ஒரு சிப்பு இருக்கும். அது கணக்குப் போட்டு உத்தேசமா ஒரு நம்பரச் சொல்லும். உங்க பழைய பேட்டரி நாற்பதுக்கு வந்தாலே பீப் அடிச்சு, அப்பறம் படுத்துரும்ல? அந்த நெனப்புலயே இதுவும் கணக்குப் போடுதோ என்னமோ. நூறு வரைக்கும் ஏத்துங்க. தானா அணையுற வரைக்கும் விட்டுருங்க. மறுபடி நூறு ஏத்துங்க. கணக்கு நேராயிரும்."

சொல்வது சுலபம். சார்ஜ் இறங்கி அணையட்டும் என்று பழைய ஏல வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வயர் சொருகியிருந்தது. "அஞ்சுல இருந்துச்சுங்க, பாவமா இருந்துச்சு, போட்டுவிட்டேன்" என்றாள் உமாராணி. அடுத்த நாள் மறுபடி இறக்கினேன். இந்த முறை பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேசிக்கொண்டே வயரை எடுத்துச் சொருகிவிட்டுப் போனார். இந்த ஊரில் குறைந்த சார்ஜை யாராலும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசியில் லேப்டாப்பை பீரோவுக்குள் வைத்துப் பூட்டி இறக்கினேன்.

பலனில்லை. அன்று மாலையே, கேட்டரிங்காரரிடம் எத்தனை இலை என்று பேசிக்கொண்டிருந்தபோது, எண்பதிலிருந்து பதினொன்று. இத்தனைக்கும் வயர் சொருகியே இருந்தது.

மறுபடி திண்டுக்கல். ஃபரிதா பின்மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இது என்ன?"

பேட்டரியின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும். நாங்கள் வாங்கிக் கொண்டுபோன அன்று உமாராணி ஸ்க்ரூ டிரைவரால் தானே மூடியைத் திறந்து, பொட்டு வைத்து, சூடம் காட்டியிருக்கிறாள். புதுப்பொருள் எதுவும் எங்கள் வீட்டில் பொட்டில்லாமல் வேலைக்குப் போவதில்லை. சந்தனம் வழிந்து கனெக்டர்வரை காய்ந்திருந்தது. ஃபரிதா பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தாள். காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இருவரும் டீ குடித்தோம். நான் மண்டிக் கதைகள் சொன்னேன். அவள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். அன்று பகல் முழுக்க அங்கே பேசிக்கொண்டிருந்தும் சார்ஜ் ஒழுங்கு மரியாதையாக ஒவ்வொன்றாகத்தான் இறங்கியது.

வீட்டுக்கு வந்து, "உமா, பிரணிதாவப் பத்தி..." என்றேன். அறுபத்தெட்டிலிருந்து ஒன்பது.

எனக்குத் தலை சுற்றியது. டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போகும் காய்ச்சல் மாதிரி இது என்ன? வீட்டு மின்சாரத்தில் கோளாறா? சிவானந்தம் வைத்திருக்கும் அந்தப் பெரிய போன் ஏதாவது இழுக்கிறதா? அவன் வரும்போதெல்லாம் விழுகிறதே என்று கவனித்தேன். ஆனால் அவன் வராத நாளிலும் விழுந்தது. நடு இரவில் தனியாக உட்கார்ந்து நானே பேசிப் பார்த்தேன். விழவில்லை. உமாராணி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசினால் விழுந்தது. பிரணிதாவிடம் பேசினால் விழவில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் ஏதோ தப்பான பொத்தானை அமுக்குகிறேனோ என்று.

"ஞாயித்துக்கெழம நானே வர்றேன்" என்றாள் ஃபரிதா. "வந்து அது வீட்ல எப்படி நடந்துக்குதுன்னு பாத்துருவோம்."

வந்தாள். லேப்டாப்பில் ஒரு மீட்டரைப் பொருத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உமாராணி, சிவானந்தம், பிரணிதா எல்லோரும் கூடத்தில்தான் இருந்தார்கள்.

"நீங்க எல்லாரும் எப்பவும் போல இருங்க. அண்ணே, நீங்க எதையாச்சும் பேசுங்க."

"கல்யாணத் தேதியப் பத்தி நான் ஒரு விஷயம்..." என்று தொடங்கினேன்.

"தேதி எல்லாம் முடிவாயிருச்சு மச்சான், மண்டபத்துக்கே சொல்லியாச்சு" என்றான் சிவானந்தம். "அக்கா, வெத்தல எத்தன கவுளி சொல்றது?"

"பத்து சொல்லு."

"பிரணிதா படிப்பு..."

"பத்து பத்தாதுக்கா."

மீட்டரில் முள் எகிறியது. ஃபரிதா பதறி நிமிர்ந்தாள். சார்ஜ் எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பது என்று கொட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்பின் அடியில் கை வைத்தால் தோசைக்கல்.

"எல்லாரும் பேச்ச நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். "அண்ணன் மூஞ்சியவே பாருங்க!"

மிரண்டுபோய் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரிவு முப்பத்தொன்றில் நின்றது.

வாய்ப்பை விடக் கூடாது என்று மளமளவெனத் தட்டினேன். "கல்யாணத்த பிரணிதா படிப்பு முடிஞ்ச பிறகு வச்சுக்கலாம். அதுதான் அவ விருப்பம். என் விருப்பமும் அதுதான்" என்று என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"நின்னுருச்சு!" என்றாள் ஃபரிதா. "பாத்தீங்களா, முப்பத்தொண்ணுலயே நிக்கிது!"

"அட, ஆமா!" என்று சிவானந்தம் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தான். உமாராணி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது, நான் சொன்னதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரணிதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

ஃபரிதா விளக்கினாள். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கணக்கும் சரியாத்தான் இருக்கு. சார்ஜ் நெசமாவே செலவாகுது. இந்தக் குரல் செயலி வேணும்னே எரிக்குது. உள்ள ஒண்ணுமில்லாத கணக்கப் போட்டுப் போட்டு, சார்ஜர் குடுக்குறதவிட வேகமா எரிக்குது."

"எதுக்கு அப்படிப் பண்ணுது?" என்றாள் உமாராணி.

"அதோட வேல என்னக்கா? அண்ணன் பேச்சு மத்தவங்ககிட்டப் போய்ச் சேரணும். சேந்துச்சா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? கேமராவுல மூஞ்சியப் பாக்கும். திரும்பிப் பாக்குறாங்களா, குறுக்க பேசாம இருக்காங்களான்னு பாக்கும். எது பண்ணா கேக்குறாங்களோ அத மறுபடி பண்ணும். பழைய பேட்டரி இருக்கும்போது சார்ஜ் கொறஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

பதில் எனக்குத் தெரியும். நாற்பதுக்கு வந்து பீப் சத்தம் கேட்டதும் உமாராணி டிவியை நிறுத்துவாள். "ஏ, அப்பாவுக்கு சார்ஜ் போகுது, என்ன சொல்றார்னு கேளுங்க" என்பாள். மூன்று வருடங்களாக இந்த வீட்டில் என் பேச்சு காதில் விழுந்த நேரம் அது ஒன்றுதான். புதுப் பேட்டரி வந்ததும் சார்ஜ் குறையவில்லை, பீப் சத்தமும் நின்றுபோயிற்று.

"ஆனா எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியல" என்றாள் ஃபரிதா. "பழையதுல மெதுவா எறங்கும். இதுல மொத்தமாக் கொட்டி, அணைஞ்சே போயிருது. இந்த வித்தைய எங்க போய்க் கத்துக்குச்சுன்னுதான் புரியல."

எனக்குப் புரிந்தது. மண்டியில் தக்காளிப் பெட்டிகள் குவிந்து கிடக்கும்போது வியாபாரிகள் டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவனும் நிமிர மாட்டான். நான் "ஒரு தரம்" என்பேன், அசைய மாட்டார்கள். "ரெண்டு தரம்" என்று கையைத் தூக்கி நிறுத்துவேன். அத்தனை தலையும் திரும்பும். சரக்கு கைநழுவப் போகிறது என்றால்தான் மனிதனுக்குக் காது திறக்கும். அந்த வீடியோக்களைத்தான் நான் அதற்குப் போட்டுக் காட்டி வளர்த்தேன். பெற்ற பிள்ளையைத் திட்டவும் முடியாமல் மெச்சவும் முடியாமல் விழிக்கும் தகப்பன்போல உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப நாங்க யாரும் இவர் பேச்சக் கேக்குறதில்லன்னு ஒரு மெஷின் சொல்லுது, அப்படித்தான?" உமாராணியின் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரில ராப்பகலா ஒக்காந்திருந்தது யாரு?"

அவள் சொன்னதும் உண்மைதான். அந்த நாட்களில் என் இமை அசைந்தால்கூட அவளுக்குத் தெரிந்தது. பிழைத்து எழுந்த பிறகுதான் நான் நாற்காலி, மேசைபோல வீட்டில் ஒரு சாமானாகிவிட்டேன். எதுவும் தட்டாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் ஃபரிதா செருப்பு மாட்டிக்கொண்டே, "அண்ணே, இந்தப் பழக்கத்த அழிச்சிரலாம். ஆனா அதோட உங்க பேச்சு நடையும் போயிரும். ஸ்டேஷன்ல ரயில் வருதுன்னு சொல்ற மாதிரிதான் பேசும். பழையபடி ஆக மாசக்கணக்காகும்" என்றாள். "என்ன செய்யட்டும்?"

"நிச்சயதார்த்தம் முடியட்டும்" என்றேன்.

"சரிண்ணே." கிளம்பியவள் திரும்பினாள். "நீங்க உள்ள சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு படிக்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் வீடு தலைகீழாக மாறிவிட்டது. நான் விசைப்பலகையில் கை வைத்தாலே எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு என்னை நோக்கித் திரும்பினார்கள். புருவத்தைத் தூக்கி, தலையை ஆட்டி, கண்கொட்டாமல் பார்த்தார்கள். சார்ஜ் இறங்கவே இல்லை. பிரணிதா விஷயத்தை மறுபடி சொன்னேன். "சரிங்க" என்றாள் உமாராணி. சிவானந்தத்திடம் சொன்னேன். "கண்டிப்பா மச்சான், பாத்துக்கலாம்" என்றான், என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அன்று மாலையே அவன் தை மாதத் தேதி போட்ட பத்திரிகை மாதிரியைக் கொண்டுவந்து காட்டினான்.

செயலிக்கு வேண்டியது முகம். அது கிடைத்துவிட்டது. இத்தனை முகங்கள் என்னையே பார்க்கின்றன, ஆனால் நான் சொல்வது எங்கே போகிறது? முன்பு சார்ஜ் எங்கே போகிறது என்று தெரியாமல் விழித்தேன். இப்போது சொல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. சில நேரம், நான் எதையும் சொல்லவே இல்லையோ, சொன்னதாக நினைத்துக்கொள்கிறேனோ என்றுகூடத் தோன்றியது.

நிச்சயதார்த்தத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பெண்ணைப் பெற்றவன் சபையில் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். தாய்மாமன் நானே சொல்லிவிடுகிறேன் என்று சிவானந்தம் கேட்டிருந்தான். முடியாது என்று பிடிவாதமாக மறுத்துவிட்டேன். என் முறை வந்ததும் அவன் மைக்கை வாங்கினான்.

"எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். மச்சான் இந்த மெஷின் வழியாத்தான் பேசுவார். அவர் பேசும்போது யாரும் பேசாம அவர் மூஞ்சியவே பாருங்க. இல்லன்னா சார்ஜ் போயிரும்."

மண்டபமே என்னைப் பார்த்தது. கேமராக்காரர்கூட.

"என் மகளக் குடுக்க எனக்குப் பரிபூரண சம்மதம்" என்றது என் குரல், அந்தக் காலத்துக் கம்பீரத்தோடு. "ஆனா கல்யாணம் தை மாசம் வேண்டாம். அவ படிப்பு முடியட்டும். ஒரு வருசம் பொறுத்து வச்சுக்குவோம். சம்பந்தி வீட்டார் பெரிய மனசு பண்ணணும்."

ஒரு முகம் திரும்பவில்லை. ஒருவர் இருமவில்லை. சார்ஜ் தொண்ணூற்றேழு.

பிறகு கைதட்டினார்கள். "என்னா தெளிவு!" என்றார் முன்வரிசையில் ஒருவர். "அப்படியே மனுசக் குரலா இருக்கே" என்று சம்பந்தி வியந்து, குனிந்து லேப்டாப்பைப் பார்த்தார். "என்ன வெல வரும் இது?" நிச்சய ஓலை வாசிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தை மாதம், வளர்பிறை, முகூர்த்த நேரம் என்று எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தார்.

நான் பிரணிதாவைப் பார்த்தேன். பட்டுச் சேலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"தட்டு மாத்திக்கலாம்" என்றார்கள்.

லேப்டாப்பை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், ஓலையோடு தாம்பாளத்தைக் கையில் கொடுத்தார்கள். நீட்டினேன். சம்பந்தி வாங்க வந்தார். அவர் பிடித்தார், நான் விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே லேசாக இழுத்தார். நானும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒரு வாழைப்பழம் உருண்டு கீழே விழுந்தது. அவர் சிரிப்பு நின்றது.

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். மண்டபத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். சிவானந்தம் ஓடி வந்து, "மச்சான், விடுங்க மச்சான், சபையில என்ன இது" என்று என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். உமாராணி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னங்க" என்று என் அருகில் வந்து நின்றாள். அவள் முகத்தில் அந்தப் பாவனை இல்லை. புருவம் தூக்கவில்லை, தலையாட்டவில்லை. பயந்திருந்தாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் மகளின் பக்கம் திரும்பினேன். இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் வேறு வழியில்லாமல், சத்தமில்லாத வாயை அசைத்து, "நீ சொல்லு" என்றேன்.

பிரணிதா எழுந்தாள். மாலை சரிந்ததை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராகச் சம்பந்தியைப் பார்த்தாள்.

"படிப்ப முடிச்சிட்டுத்தான் கல்யாணம் மாமா. ஒரு வருசம். அதத்தான் எங்கப்பா இப்பச் சொன்னார்."

சம்பந்தி தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, குழம்பிப்போய் மண்டபத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்ப சொன்னார்?" என்று கேட்டார்.